குடிப்பெயர் இயற்பெயராதல்: தமிழ்ப் பெயரீட்டில் காந்தி, போஸ், ஸ்டாலின்

0. முன்னுரை

ஒரு மொழிச் சமூகத்தில் குடும்பத்தைச் சுட்டும் பெயர் வேறொரு மொழிச் சமூகத்தில் தனி மனிதரைச் சுட்டும் பெயராக வழங்குவதுண்டு. குஜராத்தியில் காந்தி, வங்காளத்தில் போஸ், காஷ்மீரப் பண்டிதரிடையே நேரு, அயர்லாந்து வழியினரிடையே கென்னடி ஆகியன குடும்பப் பெயர்கள். தமிழ்நாட்டில் இவை குழந்தைக்கு இடப்படும் இயற்பெயர்கள். லெனின், ஸ்டாலின் என்னும் பெயர்களும் இவ்வாறே வழங்குகின்றன.

இவ்வழக்கைக் குறிப்பிடுவோர் பெரும்பாலும் இரண்டு விளக்கங்களுள் ஒன்றைக் கூறி அமைவர். தலைவர்பால் கொண்ட பற்று என்பது ஒன்று. பிறமொழிப் பெயர்மீது கொண்ட மோகம் என்பது மற்றொன்று. இரண்டிலும் உண்மை உண்டு. எனினும், தலைவரின் இயற்பெயர் இருக்க அவர்தம் குடும்பப் பெயர் ஏன் தேர்ந்துகொள்ளப்பட்டது என்னும் வினாவுக்கு இவை விடை தரவில்லை. குடும்பப் பெயர் இடம் மாறும்போது அதன் பொருண்மையில் எதை இழக்கிறது, எதைப் பெறுகிறது என்பதையும் இவை கருதவில்லை. இவ்விரண்டையும் ஆராய்ந்து, மொழிபெயர்ப்பாளர் கொள்ளத்தக்க நெறி ஒன்றைக் காண்பது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. குடிப்பெயரும் இயற்பெயரும்

தொல்காப்பியப் பெயரியல் குடிப்பெயரையும் இயற்பெயரையும் வெவ்வேறு வகைகளாகக் கொள்கிறது. இவை ஒருங்கு வரும்போது எது முன்னிற்கும் என்பதையும் தொல்காப்பியர் கருதியுள்ளார். சிறப்பினால் அமைந்த பெயர் முன்னரும் இயற்பெயர் பின்னரும் வருதல் வேண்டும் என்பது கிளவியாக்கத்தில் அமைந்த விதி. சோழன் நலங்கிள்ளி, சேரமான் கணைக்கால் இரும்பொறை என்னும் பெயர்களில் குடியைக் குறிக்கும் சொல் முன்னிற்பதைக் காணலாம்.

பிற்காலத் தமிழில் இவ்வமைப்பு மாறிற்று. ஊரையோ தந்தையையோ குறிக்கும் சொல் முன்னும், சாதியைக் குறிக்கும் சொல் இறுதியிலும் நிற்க, இயற்பெயர் இடையில் அமைந்தது. மாயூரம் வேதநாயகம் பிள்ளை என்னும் பெயர் இதற்குச் சான்று. இறுதியில் நின்ற பிள்ளை, முதலியார், ஐயர் முதலிய சொற்கள் ஐரோப்பியக் குடும்பப் பெயர்களை ஒத்தவை அல்ல. அவை ஒரு குடும்பத்துக்கு உரியவையாகாமல் ஒரு சமூகப் பிரிவு முழுமைக்கும் பொதுவாக நின்றன. ஆயினும் பெயர்த்தொடரில் அவை நின்ற இடம் குடும்பப் பெயருக்குரிய இடத்தை ஒத்திருந்தது.

1929ஆம் ஆண்டு செங்கற்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாகாண மாநாடு, சாதிப் பட்டங்களைப் பெயரிலிருந்து நீக்க வேண்டும் எனத் தீர்மானித்தது. அடுத்து வந்த தலைமுறைகளில் இவ்வழக்கம் கட்சி எல்லைகளைக் கடந்து பரவிற்று. இதனால், தந்தை பெயரின் முதலெழுத்தும் இயற்பெயரும் மட்டுமே கொண்ட ஈருறுப்புப் பெயர் தமிழ்நாட்டின் பொது வழக்காயிற்று. முதலெழுத்து ஒரு குறியீடே ஆதலின், சொல்லாக நிற்பது இயற்பெயர் ஒன்றே. பிறர் குடும்பப் பெயர் தமிழுக்கு வரின் அது தங்குவதற்கு உரிய இடமும் அதுவேயாயிற்று.

2. ஆங்கில வழக்கோடு ஒப்பீடு

குடும்பப் பெயரை இயற்பெயராக இடுதல் ஆங்கில மொழியில் நெடுங்காலமாக உள்ள வழக்கு. வில்லியம் கேம்டன் 1605இல் வெளியிட்ட பிரித்தானியா பற்றிய நூலில், இது தம் காலத்துக்குச் சற்று முன் தோன்றிய புது வழக்கு என்றும் பிற கிறித்தவ நாடுகளில் காணப்படாதது என்றும் குறித்துள்ளார். தொடக்கத்தில் இவ்வழக்கு உயர்குடியினரின் உறவுமுறையோடு பிணைந்திருந்தது. 1554இல் மரண தண்டனைக்குள்ளான கில்டுபோர்டு டட்லி என்பவரின் இயற்பெயர், அவர்தம் தாய் பிறந்த குடும்பத்தின் பெயராகும். மணத்தால் மறையும் தாய்வழிப் பெயரை மகனுடைய இயற்பெயரில் நிலைநிறுத்துவதே இதன் பயன். சிட்னி, பெர்சி, ஹோவர்டு, ஸ்டான்லி முதலிய பெயர்கள் பெருங்குடிகளின் பெயர்களாக இருந்து, பின்னர் அக்குடிகளோடு தொடர்பற்றோராலும் விரும்பி ஏற்கப்பட்டன.

நினைவுப் பெயரீடு இதனின் வேறான ஒரு நெறி. 1783இல் பிறந்த அமெரிக்க எழுத்தாளர் வாஷிங்டன் இர்விங்கின் பெயர், விடுதலைப் போரின் படைத்தலைவர் ஜார்ஜ் வாஷிங்டனை நினைந்து இடப்பட்டது. இங்கு உறவு இல்லை. மதிப்பு மட்டுமே உண்டு.

மூன்றாவதாக, இலக்கியத்தின் வழியாகவும் இம்மாற்றம் நிகழ்ந்தது. சார்லட் பிராண்டி 1849இல் வெளியிட்ட நாவலில், ஆண் மகவை எதிர்பார்த்த பெற்றோர் தம் பெண்ணுக்கு ஷெர்லி என்னும் குடும்பப் பெயரை இட்டதாக அமைத்தார். அதன்பின் அது பெண்பாற் பெயராக வேரூன்றிற்று. தமிழ்க் கிறித்தவக் குடும்பங்களில் ஷெர்லி என்று பெயரிடுவோர், அது ஒரு காலத்தில் குடும்பப் பெயராக இருந்தது என்பதை எண்ணுவதில்லை. இடமாற்றம் முழுமையாக முடிந்துவிட்டதற்கு இதுவே அடையாளம்.

தமிழ் வழக்கு இவற்றுள் நினைவுப் பெயரீட்டைச் சார்ந்தது. தாய்வழிக் குடும்பப் பெயரைக் காத்தல் என்னும் நோக்கத்துக்குத் தமிழ்ப் பெயரமைப்பில் இடமில்லை. தாத்தாவின் பெயரைப் பேரனுக்கு இடும் வழக்கமே அப்பணியைச் செய்து வருகிறது.

3. குடும்பப் பெயர் தேர்ந்துகொள்ளப்பட்டதன் காரணம்

மோகன்தாஸ் கரம்சந்த் காந்தி என்னும் பெயரில் முதற்சொல் இயற்பெயர். இடைச்சொல் தந்தை பெயர். இறுதிச் சொல் குடும்பப் பெயர். நறுமணப் பொருளைக் குறிக்கும் கந்தம் என்னும் வடசொல்லோடு தொடர்புடைய இக்குடும்பப் பெயர், ஒரு வணிகத் தொழிலைச் சுட்டுவது. தம் முன்னோர் மளிகை வணிகராக இருந்தனர் போலும் என்று காந்தியடிகளே தம் வரலாற்றில் குறித்துள்ளார். நேரு என்னும் பெயர் கால்வாயைக் குறிக்கும் நஹர் என்னும் சொல்லிலிருந்து தோன்றியதாக ஜவகர்லால் நேரு தம் சுயசரிதையில் கூறுகிறார். கால்வாய்க் கரையில் குடியிருந்த குடும்பத்துக்கு அப்பெயர் வந்தது என்பது அவர் தரும் விளக்கம். ஒன்று தொழிலையும் மற்றொன்று இடத்தையும் காட்டும் பெயர். தமிழில் இப்பெயர்களை இட்டோர் எவரும் மளிகையையோ கால்வாயையோ கருதியவர் அல்லர்.

மோகன் என்னும் பெயர் தமிழில் பலருக்கும் உரியது. அதனைக் குழந்தைக்கு இட்டால் அது காந்தியடிகளைச் சுட்டாது. காந்தி என்றால் தமிழ்நாட்டில் அவர் ஒருவரே நினைவுக்கு வருவார். குஜராத்தில் நிலைமை இதற்கு நேர்மாறானது. அங்குக் காந்தி என்னும் பெயருடைய குடும்பங்கள் பல. ஆகவே அப்பெயரைக் கேட்ட அளவில் ஒருவரை மட்டும் எண்ணுதல் இயலாது. அங்கு அதனை இயற்பெயராக இடுவதும் இயல்பன்று. எனவே, ஒரு குடும்பப் பெயர் நினைவுப் பெயராக மாறுவதற்கு அது பிறந்த இடத்திலிருந்து விலகியிருத்தல் தேவையாகிறது எனலாம். தொலைவினால் அப்பெயரை உடைய பிற குடும்பங்கள் மறைந்து, தலைவர் ஒருவரே எஞ்சுகிறார்.

செய்தித்தாள்களும் மேடைப்பேச்சும் தலைவர்களைக் குடும்பப் பெயராலேயே குறித்து வந்தமை இதற்குத் துணை செய்தது. காதால் கேட்ட பெயரே குழந்தைக்கு இடப்பட்டது. இதில் மூலமொழியின் பாகுபாடு கருதப்படவில்லை. கென்னடி என்பது குடும்பப் பெயர். நெப்போலியன் என்பது இயற்பெயர். லெனின் என்பது உல்யானவ் 1901 முதல் கையாண்ட புனைபெயர். ஸ்டாலின் என்பது ஜுகாஷ்விலியின் புனைபெயர். தமிழில் இந்நான்கும் ஒரே தகுதியுடைய இயற்பெயர்கள்.

4. இடமே வகையை முடிவு செய்தல்

தமிழில் குடும்பப் பெயருக்குரிய இடம் வெறுமையாக இருந்ததே இவ்வழக்குக்குக் காரணம் என்று கொள்வதற்கு ஒரு தடை உண்டு. தெலுங்கில் இல்லப் பெயர் என்னும் குடும்பப் பெயர் உறுதியாக நிலைபெற்றுள்ளது. அது இயற்பெயருக்கு முன் நிற்பது. அங்கும் இவ்வழக்கு காணப்படுகிறது. 2023இல் ஆஸ்கர் விருது பெற்ற தெலுங்குப் பாடலாசிரியர் சந்திரபோஸின் முழுப்பெயர் கனுகுண்ட்ல சுபாஷ் சந்திரபோஸ் என்பதாகும். இதில் கனுகுண்ட்ல என்பது குடும்பப் பெயர், எஞ்சியது இயற்பெயர். வங்காளக் குடும்பப் பெயர் ஒன்று தெலுங்குக் குடும்பப் பெயரின் பக்கத்திலேயே இயற்பெயரின் பகுதியாக அமைந்துள்ளது.

ஆகவே வெற்றிடம் ஒரு வாய்ப்பே அன்றி இன்றியமையாத காரணம் அன்று. ஒரு சொல் குடும்பப் பெயரா, இயற்பெயரா என்பதை அச்சொல்லின் பிறப்பு முடிவு செய்வதில்லை. ஏற்கும் மொழியின் பெயர்த்தொடரில் அது நிற்கும் இடமே முடிவு செய்கிறது.

5. வடிவ மாற்றங்கள்

5.1 மறுபகுப்பு

சந்திரபோஸ் என்னும் வடிவம் மொழியியலார் கருத்துக்குரியது. வங்காள அமைப்பில் சுபாஷ் சந்திர என்பது இயற்பெயர். போஸ் என்பது குடும்பப் பெயர். அவர்தம் தமையனார் சரத் சந்திர போஸ் ஆவார். சந்திர என்னும் சொல் இருவர் இயற்பெயரிலும் பின்னுறுப்பாக நிற்றலைக் காண்க. தமிழரும் தெலுங்கரும் இத்தொடரைச் சுபாஷ், சந்திரபோஸ் என இரண்டாகப் பிரித்தனர். இயற்பெயரின் பிற்பாதி குடும்பப் பெயரோடு ஒட்டி, வங்காளத்தில் இல்லாத ஒரு புதுப்பெயர் தோன்றிற்று. தமிழ்த் திரையிசையமைப்பாளர் ஒருவரும் இப்பெயரால் அறியப்பட்டார். இராஜீவ்காந்தி என முழுத்தொடரும் ஒரே இயற்பெயராக இடப்படுதல் இம்மறுபகுப்பின் அடுத்த நிலை.

5.2 எழுத்தும் ஒலியும்

ஒளி, அழகு என்னும் பொருள்களில் வடமொழியிலிருந்து வந்த காந்தி என்னும் சொல் தமிழில் முன்னரே உண்டு. திருநெல்வேலி இறைவியின் பெயராகிய காந்திமதி இச்சொல்லின் அடியாகப் பிறந்தது. மெல்லினத்தை அடுத்த தகரம் தமிழில் இயல்பாகவே ஒலிப்புடையதாக மாறும். எனவே குஜராத்திச் சொல்லுக்கும் வடசொல்லுக்கும் இடையே பேச்சில் எஞ்சும் வேறுபாடு முதலெழுத்தின் ஒலிப்பு ஒன்றே. எழுத்தில் அதுவும் இல்லை. இம்மயக்கம் பெயரின் ஏற்புக்குத் துணை செய்தது. புதுப்பெயர் அயன்மை தோன்றாமல் பழஞ்சொல்லின் உருவில் நின்றது. எதிர்த்திசையிலும் இதன் விளைவைக் காணலாம். திரைப்பட நடிகை காந்திமதியின் பெயர் ஆங்கிலத்தில் எழுதப்பட்டபோது, அதன் முற்பகுதி மகாத்மாவின் குடும்பப் பெயருக்குரிய எழுத்துக்கூட்டலைப் பெற்றது.

நேரு என்னும் பெயர் உகர ஈற்றால் தமிழ் ஒலியமைப்புக்கு இயைந்தது. நேர் என்னும் சொல்லின் சாயலும் அதற்குண்டு. ஸ்டாலின் என்பதோ மொழி முதலில் மெய்ம்மயக்கம் கொண்டது. பேச்சில் இகரம் முன்வந்து ஒலித்தலும், தனித்தமிழ் பேணுவோர் இசுடாலின் என எழுதுதலும் இதன் விளைவு. ரஷ்ய மொழியில் அது பாலுக்கேற்பத் திரியும் பெயர். ஸ்டாலினின் மகள் முதலில் ஸ்டாலினா என்றே அறியப்பட்டார். தமிழில் இத்திரிபு இல்லை.

6. பொருண்மை மாற்றம்

இடுகுறிப் பெயர் ஒருவரைச் சுட்டுமேயன்றி அவர்தம் பண்பு எதனையும் உணர்த்தாது என்பது ஜான் ஸ்டூவர்ட் மில் 1843இல் முன்வைத்த கொள்கை. நினைவுப் பெயர்களைப் பொறுத்தவரை இக்கொள்கை போதுமானதன்று. லெனின் என்னும் பெயர் அதனை உடையவரைப் பற்றி எதுவும் கூறாதிருக்கலாம். ஆனால் அதனை இட்டவரைப் பற்றிக் கூறுகிறது. பெற்றோர் எந்தக் காலத்தில், எந்தக் கருத்துச் சூழலில் வாழ்ந்தனர் என்பதற்கு அது சான்றாகிறது. மு. கருணாநிதியின் மகன் 1953 மார்ச் 1ஆம் நாள் பிறந்தார். சோவியத் தலைவர் ஸ்டாலின் அம்மாதம் 5ஆம் நாள் மறைந்தார். குழந்தைக்கு இடப்பட்ட பெயரில் அந்த வாரமே பதிந்துள்ளது எனலாம்.

இங்கு நிகழ்வது இருவகை மாற்றம். முதலாவது இழப்பு. போஸ் என்பது வங்காளத்தில் காயஸ்தர் சமூகத்தைச் சுட்டும் பெயர். காந்தி என்பது குஜராத்தில் வணிக மரபோடு தொடர்புடையது. தமிழில் இவை இச்சுட்டுகளை முற்றும் இழந்தன. தம் பெயரின் இறுதியிலிருந்து சாதிச் சொல்லை நீக்கிய ஒரு சமூகம், பிறர் பெயர்களின் இறுதியில் நின்ற மரபுச் சொற்களை எடுத்து, மரபுச் சுட்டற்ற இயற்பெயர்களாக்கிக் கொண்டமை வியப்புக்குரியது. இரண்டாவது ஆக்கம். மரபுரிமை நீங்கிய இடத்தில் சார்பு வந்து சேர்ந்தது. பிறப்பால் வருவதாக இருந்த பெயர் விருப்பால் இடப்படுவதாயிற்று. இப்பெயர்களின் ஈர்ப்பு இங்கேதான் உள்ளது.

எனினும் சமூகச் சுட்டு என்றென்றைக்குமாக நீங்கிவிட்டது என்று கூறுதல் பொருந்தாது. மதுரை, இராமநாதபுரப் பகுதிகளில் போஸ் என்னும் பெயர் பரவியதற்கு, முத்துராமலிங்கத் தேவர் தலைமையில் அங்கு வேரூன்றிய பார்வர்டு பிளாக் கட்சியின் செல்வாக்கு முதன்மையான காரணம். அதனால் அப்பகுதியினரின் செவிக்கு அப்பெயர் ஓர் அரசியல் மரபையும், ஓரளவு ஒரு சமூகச் சூழலையும் உணர்த்தக்கூடும். ஆனால் அவ்வுணர்த்தல் வங்காளத்திலிருந்து வந்ததன்று. தமிழ் மண்ணில் புதிதாகத் தோன்றியது.

7. மொழிபெயர்ப்பில் எழும் சிக்கல்கள்

தமிழ்ப் புதினம் ஒன்றில் மதுரை ஆலைத் தொழிலாளி ஒருவரின் பெயர் போஸ் எனக் கொள்வோம். வங்காள மொழிபெயர்ப்பாளர் அதனை மூலவடிவுக்கு மீட்க எண்ணிப் போஷு என எழுதினால், வாசகர் அத்தொழிலாளியை வங்காளக் காயஸ்தராகவே கொள்வர். மூலத்துக்கு உண்மையாக இருக்கும் முயற்சியே பிழைக்கு வழியாகிறது. போஸ் என்பது ஆங்கிலத்தின் வழியே தமிழுக்கு வந்த வடிவம். அவ்வொலிவடிவை அப்படியே வங்காள எழுத்தில் எழுதுதலே தகும். ஏனெனில் அவ்வயன்மையே, அது குடும்பப் பெயரன்று என்பதை உணர்த்தும் குறிப்பு. தாகூர் என்பதற்கும் இது பொருந்தும். 2009இல் விருதுநகரிலிருந்து மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட மாணிக்கம் தாகூரின் பெயரை வங்காள டாகுர் என்னும் வடிவுக்கு மாற்றினால், இல்லாத குடும்பத் தொடர்பு ஒன்று தோன்றிவிடும்.

காந்தி என்னும் பெயரை இந்தியில் எழுதும்போது இரு வடசொற்களுள் எது என முடிவு செய்தல் வேண்டும். பெயர் மட்டும் இதற்கு வழிகாட்டாது. காந்தி வந்தாள் என வினைமுற்று பெண்பாலைக் காட்டினால் ஒளி என்னும் பொருளுடைய சொல்லாக இருத்தற்கு வாய்ப்பு மிகுதி. காந்தி வந்தான் எனின் நினைவுப் பெயராதல் கூடும். இருப்பினும் கதைச்சூழலே முடிவான சான்று.

ஆங்கிலத்தில் வேறொரு சிக்கல் எழுகிறது. இறுதிச் சொல்லைக் குடும்பப் பெயராகக் கொண்டு, அதன்முன் மரியாதைச் சொல் சேர்த்து எழுதுவது ஆங்கில இதழ்களின் வழக்கு. தமிழ்நாட்டு அரசியலாளர் கே. என். நேருவைத் திரு. நேரு என மட்டும் எழுதினால், அயலார் அவரை ஜவகர்லால் நேருவின் குடும்பத்தோடு பிணைக்கக்கூடும். முதலெழுத்துகளை எல்லா இடங்களிலும் விடாது எழுதுதலே இதற்குத் தீர்வு. தமிழ்ப் பெயரில் முதலெழுத்து அணியன்று. அது பெயரின் உறுப்பு. திரைப்படத் தொகுப்பாளர் பி. லெனினின் பெயரில் உள்ள பி என்னும் எழுத்து, அவர்தம் தந்தையாரும் இயக்குநருமான பீம்சிங்கைக் குறிக்கிறது. அதனை நீக்கினால் தந்தை பெயரும் போய், அப்பெயர் யாருடையது என்பதும் தெளிவற்றதாகிறது.

இறுதியாக, இடமாற்றம் ஒரு முறையோடு நின்றுவிடுவதில்லை. உதயநிதி ஸ்டாலின் என்னும் பெயரில் இரண்டாம் சொல் தந்தையின் இயற்பெயர். ஒரு புரட்சியாளரின் புனைபெயர், ரஷ்ய மொழியில் அவர் மக்களுக்கும் வழங்கிய குடும்பப் பெயராகி, தமிழில் ஒருவரின் இயற்பெயராகி, அடுத்த தலைமுறையில் மீண்டும் இறுதி இடத்தை அடைந்துள்ளது. கடவுச்சீட்டுப் படிவத்தில் குடும்பப் பெயருக்கென உள்ள கட்டத்தில் தந்தை பெயரை எழுதும் தமிழர் பலர். தந்தை பெயர் காந்தி எனின், அயல்நாட்டில் அம்மகன் குஜராத்தியராகக் கருதப்படக்கூடும். தமிழ்நாட்டில் நீங்கிய மரபுச் சுட்டு படிவத்தின் வழியே திரும்பி வருகிறது.

8. முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் மூன்று கருத்துகள் பெறப்படுகின்றன. குடும்பப் பெயர் இயற்பெயராவதற்கு அது பிறந்த இடத்திலிருந்து விலகியிருத்தல் துணை செய்கிறது. பெயரின் வகையை அது நிற்கும் இடமே முடிவு செய்கிறது. இதனைத் தமிழ், தெலுங்கு வழக்குகள் ஒருங்கே காட்டுகின்றன. இடம் மாறும் பெயர் மரபுச் சுட்டை இழந்து சார்புச் சுட்டைப் பெறுகிறது.

மொழிபெயர்ப்பாளர் காக்க வேண்டியது இப்பெயர்கள் புதிதாகப் பெற்ற பொருளையே. பெயரின் பழம்பிறப்பைத் தேடி அதற்குரிய எழுத்துக்கூட்டலை மீட்டுத் தருவது புலமையாகத் தோன்றலாம். ஆனால் அது, பெயரிட்டோர் விலக்கி வைத்த மரபைப் பெயருடையோர் மீது மீண்டும் ஏற்றுவதாக முடியும். போஸ் என்று பெயரிட்ட தந்தை தம் மகனை வங்காளக் குடியொன்றில் சேர்க்க விரும்பியவர் அல்லர். ஒரு தலைவரின் நினைவை வீட்டில் அழைக்கும் பெயராக வைத்துக்கொள்ள விரும்பியவர். அவ்விருப்பம் இலக்குமொழி வாசகரைச் சென்றடைதல் வேண்டும்.